அறுபதைத் தொட்டால் ஆடும் ஜீப்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் ஜீப்புக்குப் பதினாறு வயது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த எனக்கு அதுதான் அண்ணன் ஸ்தானம். காலையில் அம்மா முதலில் அதைத் திட்டிவிட்டுத்தான் என்னிடம் வருவாள்.

அப்பா ஏலத்தில் எடுத்த டீசல் வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசை போகும். மலையிலும் சேற்றிலும் ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. எங்களிடம் வந்த பிறகு அது பார்த்த ஒரே உயரம் அடையாற்றுப் பாலம்தான். மயிலாப்பூரில் வீடு, அடையாற்றில் அம்மா வேதியியல் டீச்சராக இருந்த பள்ளி. அதே பள்ளியில்தான் நானும் படித்தேன். ஜீப் வருவதற்கு முன்பு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் விடைத்தாள் கட்டையும் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றிருக்கிறாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த முதல் நாள் அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அது வளையவே இல்லை.

அந்த ஜீப்பில் இரண்டு குறைகள் இருந்தன. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் தரையும் சீட்டும் அதிர ஆரம்பிக்கும். பல்லோடு பல் மோதும். பிரேக் போட்டாலோ வேறு வகை ஆட்டம். ஸ்டியரிங் இடமும் வலமும் வெட்டி வெட்டி இழுக்கும், பிரேக் மிதி காலடியில் துள்ளும். அம்மா இதையெல்லாம் வயதானவர்களின் இருமலைப் போல ஏற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு போன மூன்று சக்கர மீன்பாடி வண்டி சட்டென்று நின்றது. அம்மா பிரேக்கை அழுத்தினாள். ஸ்டியரிங் அவள் கையை உதறியது. கேன்களுக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றோம். மீன்பாடிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, மேலயே ஏத்திடுவ போலக்கீது" என்று மட்டும் சொன்னார். கோபம்கூடப் படவில்லை. அதுதான் அம்மாவை உலுக்கிவிட்டது.

அன்று மாலை அப்பாவிடம் போனில் சொன்னாள். அப்பா கப்பலில் இன்ஜினியர். பல்லாயிரம் டன் கப்பலை நடுக்கடலில் ஓட வைப்பவர் எங்கள் ஜீப்பைப் பற்றிச் சொன்ன தொழில்நுட்ப ஆலோசனை ஒரே வார்த்தைதான்: "வித்துடு." டிசம்பரில் லீவில் வரும்போது அது சரியாகியிருக்காவிட்டால் தானே யாருக்காவது தள்ளிவிடுவதாகவும் சொன்னார். அம்மா சரி என்றாள். அந்தச் சரிக்கு, நீங்கள் வருவதற்குள் சரியாக்கிக் காட்டுகிறேன் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி. அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார், ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. ஜீப்பின் ஆட்டத்துக்கு முதலில் டயர்தான் காரணம் என்றார். டயர் மாற்றியும் ஆடியது. பிறகு காற்று அதிகம் என்றார். பிறகு காற்று குறைவு என்றார். கடைசியில் சென்னை ரோடுதான் காரணம், வண்டி மேல் தப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரே உறுதியோடு சொன்னதால், முந்தைய வாரம் அவர் சொன்னது தவறாகப் போனது யாருக்கும் நினைவுக்கு வராது.

இத்தனை தெரிந்தவர் ஒருநாளும் ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நானே முடிவு செய்து, அதைச் சொல்லிக் கேலியும் செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். சக்கரத்துக்கு ஐந்து நட்டு, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது நட்டு. ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் பிடியின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் ஜீப்பின் கூரையைப் பிடித்துக்கொண்டு குதிப்பார். முதல் நட்டுக்கு ஆறு குதி. ஐந்தாவது நட்டுக்கு வரும்போது மூச்சு வாங்கும், இரண்டு குதியோடு நிறுத்திவிடுவார். நான் பக்கத்தில் நின்று குதிகளை எண்ணுவேன். எங்கள் சனிக்கிழமைகளின் சர்க்கஸ் அது.

அம்மாவின் வழி வேறு. "இது ஒரு வியாதியா ரெண்டு வியாதியான்னு முதல்ல தெரியணும். மருந்து அப்புறம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், கடற்கரைச் சாலை காலியாக இருக்கும்போது இருவரும் கிளம்புவோம். நான் இடப்பக்க சீட்டில் பள்ளி லேப் நோட்டோடு உட்காருவேன். ஸ்டியரிங், சீட், பிரேக் மிதி என்று மூன்று கட்டம் போட்டிருப்பாள். ஆட்டமே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் ஐந்து. சீட்டுக்கு நான் மார்க் போட வேண்டும். அவளுடைய கைக்கும் காலுக்கும் அவள் சொல்வதை எழுத வேண்டும்.

அறுபது வந்ததும் தரை ரீங்கரிக்கும். அம்மா கிளட்சை மிதிப்பாள். இன்ஜின் சத்தம் அடங்கும், ரீங்காரம் அடங்காது. "அப்ப இன்ஜின் இல்ல. எழுது." பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கால் பிரேக்கைத் தொடாமல், கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுப்பாள். கை பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நின்றது. "அப்ப பின் சக்கரம் நிரபராதி. பிரேக் ஆட்டம் முன்னாலதான். எழுது." எழுதினேன். எனக்கு அந்தக் காலைகளில் பூசையைவிட இதுதான் பக்தியாக இருந்தது.

கிண்டி தொழிற்பேட்டையின் பின் சந்தில் ஏழுமலை என்பவரின் பட்டறை. அம்மா போனதும் அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும் டீச்சர். சார் வந்தா இட்டாரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்றார். அம்மா நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கம் வருவதற்குள் ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது பக்கத்தில் வண்டிக்கடியில் போய்விட்டார். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீளமான இரும்புத் தண்டை இரு கையாலும் பிடித்துத் திருகினார். டொக் டொக் என்றது.

"கிராஸ் பூட்ச்சு டீச்சர்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். அந்தத் தண்டின் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டு தேய்ந்துவிட்டதாம். கைக்கு மணிக்கட்டு மாதிரி அதற்கு அது. புதிது போட்டார். அடுத்த ஞாயிறு அறுபதில் சீட்டுக்கு நான் பூஜ்யம் போட்டேன். பூஜ்யத்துக்கு அப்படி மகிழ்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். சனிக்கிழமை வந்த மாமா, இதை நான் முதல் நாளே சொன்னேன் என்றார். அவர் சொன்னதேயில்லை.

பிரேக் ஆட்டம் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. முன் சக்கரங்களுக்குள் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. பிரேக் போடும்போது இரு பக்கமும் கட்டைகள் அதை இறுக்கிப் பிடிக்கும். தட்டு கோணினால் ஆட்டம் வரும். ஏழுமலை இரண்டு தட்டையும் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமமாகக் கடைந்து மாட்டினார். ஆட்டம் போனது. நான்கு வாரத்தில் திரும்பி வந்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று நோட்டில் ஏறியது. மறுபடி கடைந்தார். மறுபடி போனது, மறுபடி வந்தது. அதற்குள் நவம்பர் மழை ஆரம்பித்துவிட்டது. அப்பா வர ஐந்தே வாரம்.

மூன்றாவது முறை போன அன்று பட்டறையில் கரண்ட் இல்லை. வழக்கமாக ஏழுமலை காற்றழுத்தத்தில் சுழலும் மெஷினை வைத்து நட்டுகளை நொடியில் கழற்றிவிடுவார். அன்று கையால் கழற்ற வேண்டியதாயிற்று. முதல் நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகித் தன் முழு எடையையும் போட்டார். நட்டு கிறீச்சிட்டது. அடுத்ததும் அப்படியே. ஐந்தாவது நட்டு சாதாரணமாகக் கழன்று வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"இத யாரு டீச்சர் டைட் பண்ணது? ஒண்ணு லாரி நட்டு மாதிரி கீது. ஒண்ணு சும்மா வருது."

அம்மா குனிந்து அந்த நட்டுகளைப் பார்த்தாள். ஏழுமலையே தொடர்ந்தார். சக்கரமும் தட்டும் ஒரே நட்டுகளில்தான் சேர்ந்து நிற்கின்றனவாம். ஒரு பக்கம் அளவுக்கு மேல் இறுக்கி இன்னொரு பக்கம் விட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தட்டு கோணிக்கொள்ளுமாம். அப்புறம் ஓட ஓட ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்துவிடும். "எத்தினி வாட்டி கடைஞ்சாலும் இதேதான். தட்டு மேல தப்பில்ல, டைட் பண்ற கை மேலதான். எதிரெதிரா, சமமா, கையால பண்ணணும். குதிக்கறதெல்லாம் கூடாது."

குதிப்பது என்ற சொல்லை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எனக்குள் எல்லாம் பளிச்சென்று விளங்கியது. வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது.

"டயர் கடைல பண்ணாங்க" என்றாள் அம்மா.

லேப் நோட்டில் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழியில், "மாமாகிட்ட இதைச் சொல்லாத" என்றாள். ஏன் என்றேன். "சொல்லாதன்னா சொல்லாத."

ஏழுமலை புதுத் தட்டு வாங்கிப் போட்டார். அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. சனிக்கிழமை மாமா வழக்கம்போல் வருவார், மீன் குழம்பு சாப்பிடுவார், குதிப்பார். ஞாயிறு காலை அம்மா பூசைக்குக் கட்டிய புடவையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, இருபது நட்டுகளையும் தளர்த்தி, எதிரெதிர் வரிசையில் திரும்ப இறுக்குவாள். ஏழுமலை கொடுத்த குழாய் அதற்கென்றே படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நான் குடை பிடிப்பேன். கையில் கிரீஸோடு போய் நற்கருணை வாங்கிய நாட்களும் உண்டு. ஆட்டம் திரும்பி வரவேயில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் உழைக்கும் அம்மாவைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலை விடப் பெருமை அதிகமாக இருந்தது. உண்மை எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது.

டிசம்பரில் அப்பா வந்தார். ஜீப்பை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்து, சாவியை அம்மாவின் கையிலேயே வைத்தார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடமிருந்து வராது. விற்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாமா சாப்பிட வந்தார். நால்வரும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். வண்டி இத்தனை சீராக ஓடுவதைப் பற்றி அப்பா ஏதோ சொன்னார். மாமா உற்சாகமாகிவிட்டார்.

"வாரா வாரம் நான் வந்து நட்டு பாக்கலைன்னா இந்த வண்டி என்னைக்கோ படுத்திருக்கும் மச்சான். டைட்டு முக்கியம். டைட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு."

ஆறு வாரமாக நாக்கின் நுனியில் வைத்திருந்ததை என்னால் அதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை.

"நீங்க டைட் பண்றதாலதான் மாமா வண்டியே ஆடுச்சு. மெக்கானிக் சொன்னாரு. அம்மா ஒவ்வொரு சண்டேயும் எல்லாத்தையும் கழட்டித் திருப்பி மாட்டறாங்க."

அப்பா சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. மாமா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"நிஜமாக்கா?"

டயர் கடைக்காரர்கள் மேல் பழி போடத் தெரிந்த அம்மாவுக்குத் தம்பியிடம் அது முடியவில்லை. "ஆமாடா" என்றாள்.

மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தட்டில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். அன்று ஸ்பேனரை எடுக்கவில்லை. வரேன் என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அம்மா இரண்டு முறையும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டாவது சனிக்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கு மூணு வயசு இருக்கும். மாமாவும் அவன் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு வேன் எடுத்துக்கிட்டு மகாபலிபுரம் போனாங்க. மாமாதான் ஓட்டினான். வழில முன் சக்கரம் கழண்டு ஓடிடுச்சு. வேன் மரத்துல மோதுச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த பையன் செத்துட்டான். காலேஜ்ல இருந்து ஒண்ணாப் படிச்சவன்." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "முந்தின நாள் பஞ்சர்னு அந்த சக்கரத்தைக் கழட்டி மாட்டினது மாமாதான்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு சமன்பாட்டைப் போல எல்லாம் தெளிவாக இருந்தது. அதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அப்போ மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். "நல்லாத் தெரியும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு அபிராமபுரம் போனாள். மாமா வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தாள். மாமா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். லுங்கியும் பனியனுமாக இருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"நட்டு பாக்க ஆள் வரல" என்று அம்மா கீழிருந்து சொன்னாள். "மூணு வாரம் ஆச்சு. நான் தினம் இதுலதான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"நீயே நல்லாப் பண்றியேக்கா."

"எனக்குக் கை வலிக்குதுடா. இறங்கி வா."

சட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அம்மா ஸ்பேனரை நீட்டினாள். அவர் பழக்கத்தில் காலைத் தூக்கினார். "கையால" என்றாள் அம்மா. அவர் குந்தி உட்கார்ந்தார். மேல் நட்டு, அதற்கு எதிரில் கீழ் நட்டு, அப்புறம் பக்கத்தில் என்று அம்மா வரிசை சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் இறுக்கினார். இருபது நட்டும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும் தொட்டுப் பார்க்கப் போனபோது, "போதும்டா. சரியா இருக்கு" என்றாள் அம்மா. அவர் கையை எடுக்கவில்லை. "சரியா இருக்கு. நானும்தானே பார்த்தேன்" என்று மறுபடி சொன்னாள்.

பிறகு அம்மா ஜீப்பைச் சுற்றிப் போய், என்னைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் சீட் காலியாக இருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. அவள் மாமாவைப் பார்க்கவில்லை, எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தெருவில் நின்றார். அந்தத் தெருவில் ஒரு இஸ்திரி வண்டிக்காரர் ஒரு சட்டையை முழுதாகத் தேய்த்து மடிக்கும் வரை நின்றார். பிறகு கதவைத் திறந்து ஏறினார்.

முதல் தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. இரண்டாம் தடவை ஜீப் நகர்ந்தது. தெருமுனையைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி, பாலத்தை நோக்கிப் போனோம். வேகமுள் இருபதில் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா நைனா, தள்ளிக்கினு போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பாலத்தின் இறக்கத்தில் ரொம்ப தூரத்திலேயே பிரேக்கைத் தொட்டார். ஜீப் ஒரு சிறு உதறலும் இல்லாமல் மெல்ல அடங்கியது.

"ஆடவே இல்லடா" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளின் அனுபவத்தில் எனக்கு இதில் ஒரு தொழில்முறை ஆட்சேபம் இருந்தது. இருபதில் எந்த வண்டியும் ஆடாது, அறுபதில் போனால்தான் இந்தச் சோதனை செல்லும் என்று பின்னாலிருந்து எடுத்துச் சொன்னேன். அம்மா திரும்பாமலே, "வாய மூடிக்கிட்டு வா" என்றாள்.

பெசன்ட் நகர் கடற்கரையை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மாமா ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டார். நான் குதித்து இறங்கினேன். அவர்களும் இறங்குவார்கள் என்று பார்த்தேன். இறங்கவில்லை. மணலில் ஓடி, அலையில் கால் நனைத்து, ஒரு சிப்பி பொறுக்கிக்கொண்டு, நேரம் போனதே தெரியாமல் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் கை இன்னும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அம்மா சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் ஜன்னல் வழியாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அபிராமபுரத்திலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும், அதுவும் இருபதில் வந்ததற்கா இவ்வளவு களைப்பு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.